எம்டன் யார்க்கு நண்பன்?

(இராயபுரத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போர் ஏன் மூளுகிறது என்னும் வினாவிற்கு விடைதேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. இவ் இராயபுரத்திலிருந்து கூப்பிடு தொலைவில், துறைமுகக் கரையில், அவ்விடை எரிந்தே காட்டிற்று.

1914 செப்தம்பர் 22, இரவு ஒன்பதரை மணியளவு. செருமானியப் போர்க்கப்பலான எம்டன் இருளில் வந்து நின்று நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் கும்பணியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர்நீதிமன்ற மதிலிலும் ஒரு குண்டு பட்டது. அரைமணிக்குள் கப்பல் மறைந்துவிட்டது. அஞ்சிய மக்கள் ஊரைவிட்டு ஓடினர். ஆனால் ஒரு சொல் இங்கேயே தங்கிவிட்டது. அடங்காத ஆளை இன்றும் நாம் ‘எம்டன்’ என்றுதானே அழைக்கிறோம்!

அவ்வழைப்பில் ஒரு மகிழ்ச்சி ஒளிந்திருக்கிறது. ஆங்கிலேயன் அடிபட்டான் என்னும் மகிழ்ச்சி. அடிமைப்பட்டவனுக்கு அஃது இயல்பே. அது முற்றித்தான், செண்பகராமன் அக்கப்பலிலேயே வந்தார் என்னும் கதையும் எழுந்தது. அவர்தம் விடுதலை வேட்கையில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின் அவ்வேளை அவர் ஐரோப்பாவில் இருந்தார் என்பதையே சான்றுகள் காட்டுகின்றன. நாம் விரும்பியது வேறு, நடந்தது வேறு. அரசியலில் நடப்பியல் நோக்கு என்பது இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான்.

எம்டன் எங்கிருந்து புறப்பட்டது? அதன் நிலையம் செருமனியில் இல்லை. சீனத்தின் சிங்தாவோவில் இருந்தது. 1897இல் செருமனி அத்துறையைப் படைகொண்டு பற்றியது. மறு ஆண்டே 99 ஆண்டுக் குத்தகை என்று எழுதி வாங்கிக்கொண்டது. எரிந்த எண்ணெய்க்கு உரியவர் யார்? 1824 முதல் 1885 வரை மூன்று போர்களால் பர்மாவை விழுங்கிய ஆங்கிலேயர். அவற்றுள் முதற்போருக்குச் சென்னைப் படைப்பிரிவினர் இங்கிருந்தே கப்பலேற்றப்பட்டனர். ஒருவன் சீனத்தில் பறித்த துறையிலிருந்து வந்து, இன்னொருவன் பர்மாவில் பறித்த எண்ணெயைத் தமிழன் கரையில் கொளுத்தினான்! அதே செருமனிதான் 1904இல் தென்மேற்கு ஆப்பிரிக்காவின் எரேரோ மக்களைப் பாலைநிலத்திற்கு விரட்டி, நீரின்றி மடியச் செய்தது.

ஏதென்சின் வளர்ச்சியும் அதுகண்டு இசுபார்த்தா கொண்ட அச்சமுமே போருக்கு மெய்யான கரணியம் என்றார் பழைய கிரேக்க வரலாற்றறிஞர் தூசிடிடீசு. உள்நாட்டில் இடங்காணாத முதலீட்டுப் பணம் பிறநாடுகளைத் தேடி ஓடுவதே வல்லரசியத்தின் வேர் என்று 1902இல் எழுதினார் ஆங்கிலேயரான ஆப்சன். ஒருவர் அச்சத்தைச் சுட்டினார். மற்றவர் பணப்பையைச் சுட்டினார். எனக்கு இவை இரண்டாகத் தோன்றவில்லை. கொள்ளைப் பொருளை வைத்திருப்பவனுக்குத்தானே இரவில் உறக்கம் வராது!

குண்டு பட்ட அம்மதிலுக்கும் ஒரு முன்கதை உண்டு. ஆத்திரிய அரியணைக்கு உரியவர் யார் என்று ஐரோப்பிய அரசர்கள் மோதிக்கொண்டனர். அதன் தொடர்ச்சியாக 1746இல் பிரெஞ்சியர் சென்னையைக் கைப்பற்றினர். 1748இல் உடன்படிக்கை ஏற்பட்டது. வட அமெரிக்கக் கரையிலுள்ள லூயிபர்க்குக் கோட்டையைப் பிரான்சுக்குக் கொடுத்து, சென்னையை இங்கிலாந்து திரும்பப் பெற்றது. பண்டமாற்று! லூயிபர்க்கு எத்திசையில் உள்ளது என்று இங்கு வாழ்ந்தவருள் எவர்க்குத் தெரிந்திருக்கும்? அதற்குள் கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் நகரின் வீடுகளைப் பிரெஞ்சியர் இடிக்கத் தொடங்கியிருந்தனர். பகைவன் மறைந்து நெருங்க இடம் இருத்தலாகாது என்று, மீண்டுவந்த ஆங்கிலேயர் எஞ்சியதையும் இடித்து முடித்தனர். பகைவர் இருவர், இடிபட்ட வீடு ஒன்றே. அந்நிலத்தில்தான் பின்னர் உயர்நீதிமன்றம் எழுந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர். தன் துறையை 99 ஆண்டுக்கு எழுதிக்கொடுத்த அதே சீனத்தின் கும்பணிக்கு, 2017இல் இலங்கை அரசு அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக்கு எழுதிக்கொடுத்தது. இந்திய அரசின் கண்ணோ திருகோணமலையில். ஆங்கிலேயர் அங்குக் கட்டிய எண்ணெய்த் தொட்டிகளுள் எஞ்சியவை 99. ஈழத்தமிழர்க்கு அமைதி தருவதாகக் கூறிய 1987 சூலை 29 உடன்படிக்கையோடு இணைந்த மடல்களை எடுத்துப் படியுங்கள். திருகோணமலைத் துறையை இந்திய நலனுக்கு எதிராகப் பிறர் படைக்கு விடலாகாது என்பதும், அத்தொட்டிகளை இருநாடும் சேர்ந்து சீரமைக்கும் என்பதும் அங்கே எழுதப்பட்டுள்ளன. 2022இல் தொட்டிகளின் பங்கீடும் முடிந்தது: இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14, இலங்கை நிறுவனத்திற்கு 24, கூட்டு நிறுவனத்திற்கு 61.

1987இல் கையொப்பமிட்டவர் இருவர். ஒருவர் இந்தியத் தலைமையமைச்சர். மற்றவர் இலங்கைக் குடியரசுத்தலைவர். அத்தாளில் ஈழத்தமிழர் எவரும் கையொப்பமிடவில்லை.