செய்த வேலையும் எழுதிய வேலையும்



2019 மார்ச் 23. நார்வேயின் மேற்குக் கரையோரம் ஹுஸ்டாட்விகா என்றொரு கடல்பகுதி. பாறைகள் மண்டிய இடம். கடும் புயலில் அந்த வழியே வந்தது 'வைக்கிங் ஸ்கை' என்ற உல்லாசக் கப்பல். பயணிகளும் பணியாளர்களுமாக 1373 பேர். திடீரென்று ஜெனரேட்டர்கள் நின்றுபோயின. கப்பல் இருண்டது, நகரும் சக்தியையும் இழந்தது. அலைகள் அதைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டே போயின. தரை தட்ட ஒரு கப்பல் நீளம்கூட மிச்சமில்லாத நேரத்தில்தான் எஞ்சினை மறுபடி ஓடவைக்க முடிந்தது. 479 பேரை ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக் கரை சேர்த்தன.

என்ன கோளாறு? மசகு எண்ணெய் குறைவாக இருந்தது. ஜெனரேட்டர்களின் எண்ணெய்த் தொட்டி 68 முதல் 75 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. அன்று இருந்ததோ 28 முதல் 40 சதவீதம். புயலில் கப்பல் சாய்ந்து ஆடியபோது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, பம்புக்கு அது எட்டவில்லை. எண்ணெய் அழுத்தம் விழுந்ததும் எஞ்சின்கள் தானாகவே நின்றுவிட்டன. நான்கு ஜெனரேட்டர்களில் ஒன்றோ டர்போசார்ஜர் பழுதாகி ஏற்கெனவே முடங்கிக் கிடந்தது.

அளவு பார்ப்பது, எண்ணெய் ஊற்றுவது, உதிரிபாகம் மாற்றுவது. இப்படிப்பட்ட சின்னச் சின்ன வேலைகள் ஒரு சரக்குக் கப்பலில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எது என்றைக்குச் செய்ய வேண்டும் என்பதை முன்பெல்லாம் பேரேட்டிலும் அட்டைகளிலும் எழுதிவைத்தார்கள். இன்று அந்தப் பொறுப்பைப் பராமரிப்பு மென்பொருள் ஏற்றிருக்கிறது. கடலில் வேலை செய்பவர்கள் சுருக்கமாக 'பி.எம்.எஸ்.' என்பார்கள்.

இந்தப் பராமரிப்புக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. ஐ.எஸ்.எம். கோட் என்ற சர்வதேசப் பாதுகாப்பு விதித்தொகுப்பு 1998 ஜூலையில் பயணிகள் கப்பல்கள், எண்ணெய்க் கப்பல்கள் உள்ளிட்ட சில வகைக் கப்பல்களுக்கும், 2002 ஜூலையில் மற்ற சரக்குக் கப்பல்களுக்கும் கட்டாயமானது. உரிய இடைவெளியில் சோதிக்க வேண்டும், குறை கண்டால் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும், செய்ததைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது அதன் 10-ஆவது பிரிவு. திடீரென்று நின்றால் ஆபத்தை உண்டாக்கும் கருவிகளைத் தனியே அடையாளம் காணவும் சொல்கிறது.

மென்பொருள் எப்படி வேலை செய்கிறது? பியூரிஃபையரை எடுத்துக்கொள்வோம். கெட்டியான கறுப்பு எரிபொருளைக் கிட்டத்தட்ட 98 டிகிரிக்குச் சூடாக்கி, அதிவேகமாகச் சுழற்றி, தண்ணீரையும் கசடையும் பிரிக்கும் இயந்திரம் அது. பெரும்பாலும் ஃபோர்த் எஞ்சினியரின் பொறுப்பு. அது ஓடிய மணிநேரத்தை அவர் பதிவுசெய்கிறார். குறித்த மணிநேரம் நெருங்கியதும் திரையில் வேலை வந்து நிற்கிறது: கழற்று, தட்டுகளைச் சுத்தம் செய், ரப்பர் வளையங்களை மாற்று, பேரிங்கைப் பார். எந்த உதிரிபாகம், எந்த அலமாரியில், எத்தனை மிச்சம் என்பதும் அங்கேயே தெரியும். வேலை முடிந்து பதிவிட்டதும் கையிருப்பு குறைகிறது. அடுத்த தவணை குறிக்கப்படுகிறது. கரையிலுள்ள அலுவலகமும் அதைப் பார்க்கிறது.

இதனால் பெரிய நன்மை ஒன்று உண்டு. கப்பலில் ஆட்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகிறார்கள். போன வருடம் இந்தப் பம்பு ஏன் பழுதானது என்று தெரிந்தவர் இப்போது வேறு கப்பலில் இருப்பார். அவர் அன்று எழுதிய இரண்டு வரி, புதிதாக வந்தவரைக் காப்பாற்றும்.

அந்த இரண்டு வரியும் உண்மையாக இருந்தால்தான்! நாள் கடந்த வேலைகள் திரையில் சிவப்பில் தெரியும். சிவப்பு கூடினால் அலுவலகத்திலிருந்து கேள்வி வரும். அடுத்தடுத்து துறைமுகங்கள், தூக்கமில்லாத இரவுகள், கேட்ட உதிரிபாகம் இன்னும் வந்து சேரவில்லை. அந்த நெருக்கடியில், செய்யாத வேலையையும் செய்ததாகக் குறித்துவிடும் சபலம் வருகிறது. திரை பச்சையாகும், இயந்திரம் அப்படியேதான் இருக்கும். வெற்றேட்டைவிடப் பொய்யேடு ஆபத்தானது. வெற்றேட்டைப் பார்த்தால் சந்தேகம் வரும். பொய்யேட்டை அடுத்து வருபவர் நம்பிவிடுவார்.

இன்னொன்று. பட்டியலில் இல்லாததை மென்பொருள் நினைவூட்டாது. 2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோரில் 'டாலி' என்ற கன்டெய்னர் கப்பல் மின்சாரம் இழந்து, ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தில் மோதியது. பாலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பல் பணியாளர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். சரியாகப் பொருந்தாத ஒரே ஒரு மின்கம்பியைக் காரணமாகக் காட்டியது அமெரிக்க விசாரணை. கம்பியில் மாட்டியிருந்த பெயர்ப்பட்டை, அது இணைப்புக்குள் முழுசாக நுழையாமல் தடுத்திருந்தது. ஆயிரக்கணக்கான கம்பிகளுக்கிடையே இதைக் கண்டுபிடிக்கத் தேடும் கண் வேண்டும். எங்கோ ஒரு கப்பல் கற்ற பாடம், மற்ற கப்பல்களின் பட்டியலில் புதிய வேலையாகச் சேர வேண்டும்.

ஆகவே, கரையில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. சிவப்பைக் கண்டதும் கடலில் இருப்பவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். என்ன தடை என்று கேளுங்கள். ஆளும் நேரமும் உதிரிபாகமும் அனுப்புங்கள். 'செய்ய முடியவில்லை' என்று எழுதியவர் உங்களை எச்சரித்திருக்கிறார். அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

கப்பலுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பார்த்ததை எழுதுங்கள், செய்ததை எழுதுங்கள், செய்யாததைச் செய்யவில்லை என்றே எழுதுங்கள். நீங்கள் கப்பலை விட்டு இறங்கிய பிறகும், அந்த எழுத்தை நம்பித்தான் அடுத்தவர் கடலுக்குப் போகிறார்.