விற்கப் போகிற வீட்டில் எதைத் திருத்துவது?



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் கடவுளைப் பற்றியதுமல்ல, புராணத்தைப் பற்றியதுமல்ல. வீட்டை விற்பதற்கு முன் அதில் என்ன மராமத்துச் செய்தால் நல்ல கிரயம் வரும் என்பதுதான். இதென்ன, பிரசாரகன் வீட்டுத் தரகனாகி விட்டானா என்று சில தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் ஒரு சாதாரணக் குடித்தனக்காரன் ஆயுள் முழுதும் பாடுபட்டுச் சேர்த்தது எல்லாம் ஒரே இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறதென்றால் அது அவன் வீட்டில்தான். மகளின் படிப்புக்கோ, வைத்தியத்துக்கோ, கடனுக்கோ, சகோதரர்கள் பாகம் பிரிக்கவோ அதை விற்க நேருகிறது. அந்தச் சமயம் பார்த்து வாஸ்து நிபுணர் என்று ஒருவர் கையில் திசைகாட்டியோடு உள்ளே நுழைந்து, விற்கிறவனிடம் மிச்சமிருக்கிற நாலு காசையும் சுவரை இடித்துக் கட்டுவதில் தொலைக்கச் செய்கிறார். ஆகையால் இது நம்முடைய வேலைதான் என்று சொல்லுகிறோம்.

முதலாவதாக ஒரு உண்மையை மனதில் வைக்க வேண்டும். நமது நாட்டில் தனி வீட்டின் விலையில் பெரும்பகுதி மனையின் விலையே தவிர, கட்டடத்தின் விலையல்ல. மனைக்குக் கிழத்தனம் கிடையாது, கட்டடத்துக்கு உண்டு. பாங்கிலிருந்து மதிப்புப் போட வருகிற எஞ்சினியர் மனைக்குத் தனியாக ஒரு தொகையும், கட்டடத்துக்கு அதன் வயதைக் கழித்து ஒரு தொகையும் எழுதுகிறார். நீங்கள் கூடத்துக்குப் போட்ட சலவைக்கல்லின் விலையை அவர் அப்படியே எழுதிக் கொள்ளுவதில்லை. ஆகவே 5 லட்சம் போட்டால் 10 லட்சம் ஏறும் என்று எவனாவது சொன்னால் அவன் உங்கள் லாபத்துக்குப் பேசவில்லை, தன் கண்டிராக்டுக்குப் பேசுகிறான் என்று தெரிந்து கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ‘ரீமாடலிங்’ என்ற பத்திரிகை, வீட்டில் செய்யும் மாற்றங்களுக்குப் போட்ட பணத்தில் விற்கும்போது எவ்வளவு திரும்புகிறதென்று வருஷந்தோறும் கணக்கெடுத்து வெளியிட்டு வந்திருக்கிறது. 2024ஆம் வருஷக் கணக்கில் முதல் இடம் எதற்குத் தெரியுமா? கார் கொட்டகைக்குப் புதுக் கதவு மாட்டுவதற்கு! அடுத்தது வாசலுக்கு இரும்புக் கதவு. இரண்டிலும் போட்டதற்கு மேலேயே வந்திருக்கிறது. மாறாக, சமையலறையை ஆடம்பரமாகப் பிரித்துக் கட்டியவர்களுக்குப் போட்டதில் பாதிகூடத் திரும்பவில்லை. அந்த நாட்டு வீடு வேறு, நம் வீடு வேறு. அந்தப் பட்டியலை இங்கே காப்பியடிப்பது மடமை. என்றாலும், விற்கிறவன் தன் ஆசைக்குச் செய்ததற்கு வாங்குகிறவன் கூலி கொடுக்க மாட்டான் என்ற சங்கதி எந்த ஊருக்கும் பொருந்தும்.

நிற்க, இந்த வாஸ்துவைச் சற்றுப் பார்ப்போம். ஈசானிய மூலையில் கக்கூஸ் இருக்கிறது, இடி என்கிறார்கள். அடுப்பு அக்கினி மூலைக்குப் போகவேண்டும் என்கிறார்கள். தென்மேற்கில் கிணறு இருந்தால் வம்சம் விளங்காது, மூடு என்கிறார்கள். நல்ல தண்ணீர் ஊறுகிற கிணற்றைக் காசு கொடுத்து மண்ணைப் போட்டு மூடுகிறவனைவிட, அந்தக் காசை அப்படியே தெருவில் வீசுகிறவன் புத்திசாலி. அவனுக்குக் கிணறாவது மிஞ்சும். மனையடி சாஸ்திரம் என்ற பேரால் விற்கிற புத்தகங்களில், எட்டடி அகல அறை நல்லதாம், ஒன்பதடி கெட்டதாம், பத்தடி நல்லதாம், பன்னிரண்டடி இருந்தால் செல்வம் அழியுமாம். நாம் கேட்கிறோம், அது எந்த அடி? இன்று கொத்தனார் கையிலிருக்கிற டேப்பின் அடி 0.3048 மீட்டர் என்பது 1959இல் ஆங்கிலம் பேசும் சில நாடுகள் கூடிச் செய்து கொண்ட ஏற்பாடு. மயனும் விசுவகர்மாவும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்களா? ஒன்பதடி அறையை மீட்டரில் அளந்து 2.74 என்று எழுதிவிட்டால் தரித்திரம் எந்த வழியாக உள்ளே வரும்?

இது சிரிப்போடு போகிற சங்கதியாயிருந்தால் நமக்குக் கவலையில்லை. மூலையை மாற்றுகிறோம் என்று பாரம் தாங்குகிற சுவரை உடைக்கிறார்கள், தூணையே செதுக்குகிறார்கள். பிறகு மேலே விரிசல் விடுகிறது. அந்த விரிசலைப் பார்க்கிற எஞ்சினியர் மதிப்பைக் குறைத்து எழுதுகிறார். வாஸ்து பார்த்தவர் கூலியை வாங்கிக்கொண்டு போய் வெகு நாளாகியிருக்கும்.

இங்கே ஒரு கேள்வி வரும். “நீர் நம்பாமலிருக்கலாம். வாங்குகிறவன் நம்புகிறானே! அவனுக்காக மாற்றிக் கொடுத்தால் விலை ஏறாதா?” என்பது. நியாயமான கேள்விதான். தெற்குப் பார்த்த வீடென்றால் வேண்டாமென்று போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தெருவைத் திருப்பி வைக்க உம்மால் முடியாது. அன்றியும், இரண்டு வாஸ்துக்காரர்கள் ஒரே வீட்டைப் பார்த்து ஒரே யோசனை சொன்னதை யாராவது பார்த்ததுண்டா? ஒருவர் சொல்லிக் கட்டிய படிக்கட்டை அடுத்தவர் தோஷம் என்பார். ஏனென்றால் அவரை அழைத்து வருவதே குறை சொல்லுவதற்காக. குறையில்லை என்றால் அவருக்குக் கூலி ஏது? வாங்குகிறவர்களில் பலர் அந்தக் குறையை விலை குறைப்பதற்கு ஒரு ஆயுதமாக வைத்துக் கொள்ளுகிறார்களே ஒழிய வேறில்லை. ஒரு குறையை இடித்து மாற்றினால் இன்னொரு குறையோடு வருவார்கள். ஆகவே நாலு பேரில் ஒருவன் நம்புகிறதற்குச் செலவு செய்யாமல், நாலு பேருக்கும் வேண்டியதற்குச் செலவு செய்யுங்கள் என்கிறோம்.

வாங்குகிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தெற்கை யமன் திசை என்று ஒதுக்குகிறார்கள். தென்றல் எந்தத் திசையிலிருந்து வருகிறது? நம் நாட்டில் வீட்டை வேக வைப்பது மேற்குச் சுவரில் விழுகிற சாயங்கால வெயில். தெற்கு ஜன்னலுக்கு மேல் சிறிய சன்ஷேடு இருந்தால் உச்சி வெயிலைத் தடுத்துவிடலாம். பிறர் பயத்தால் விலை குறைந்து கிடக்கிற தெற்குப் பார்த்த வீட்டைப் பகுத்தறிவுக்காரன் வாங்கிக்கொண்டு தென்றலை அனுபவிக்கட்டும்! தெருக்குத்து வீட்டுக்காரர்கள் எதிரே ஒரு பிள்ளையாரை வைக்கிறார்கள். இருட்டில் நேரே வருகிற லாரிக்குப் பிள்ளையார் தெரிவதில்லை. அங்கே உள்ளபடியே ஒரு அபாயம் இருக்கிறது. அதற்கு வேண்டியது சுவருக்கு முன் இரண்டு பருமனான கருங்கல் தூணும், விளக்கு வெளிச்சத்தில் மினுங்குகிற தகடும்.

சரி, பின் எதைச் செய்வது? மேலே ஏறிப் பாருங்கள். விற்கிற வீட்டில் முதல் செலவு மொட்டை மாடிக்குத்தான். கூடத்துக்கு எவ்வளவு விலையுயர்ந்த வர்ணம் அடித்திருந்தாலும், மூலையில் ஒரு ஈரக்கறை தெரிந்தால் வாங்க வந்தவன் கண் அங்கேதான் நிற்கும். இன்னும் எங்கெல்லாம் ஒழுகுகிறதோ என்று தன் மனதுக்குள் ஒரு பெரிய தொகையைக் கழித்துக் கொள்ளுவான். உண்மையான ரிப்பேர்ச் செலவைவிட அவன் கழிக்கிற தொகை எப்போதும் பெரிது. வெடித்துப்போன தட்டோடுகளை எடுத்து, சுருக்கியைச் சரிபண்ணி, தண்ணீர் தேங்காமல் குழாயை நோக்கி வாட்டம் கொடுத்து மறுபடியும் பதிக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருக்கும். அரசமரமாயிற்றே, பிடுங்கினால் பாவம் என்று எத்தனை வீட்டில் விட்டுவைத்திருக்கிறார்கள்! அதன் வேர் சுவருக்குள் இறங்கி அதை இரண்டாகப் பிளக்கிற வரையில் பக்தி போவதில்லை. முளையிலேயே வேரோடு எடுத்து வெடிப்பை அடைத்துவிட வேண்டும்.

கூரையின் உள்பக்கம் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் அது மேல் பூச்சுக் கோளாறு அல்ல. கம்பி துருப்பிடித்து ஊதி, காரையைத் தள்ளுகிறது. துருவைச் சுரண்டி முறையாகச் செய்ய வேண்டியதை, மேலே கொஞ்சம் சிமெண்டை அப்பி வெள்ளையடித்து மறைக்கிறவர்கள் உண்டு. இது யோக்கியமுமல்ல, லாபமுமல்ல. தனக்குத் தெரிந்து, வாங்குகிறவன் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையைச் சொல்லிவிட வேண்டியது விற்கிறவன் கடமை என்று 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டமே சொல்லுகிறது.

அடுத்தது கக்கூஸ். பழைய வீடுகளில் இதைத் தீட்டு என்று கொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தார்கள். வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் நடு இரவில் மழையில் அங்கே நடக்க வேண்டும். மலத்தைத் தலையில் சுமந்து போக ஒரு ஜாதியை ஏற்படுத்தி, அந்த ஜாதி வீட்டுக்குள் நடக்கக்கூடாது என்பதற்காகப் பின்னால் ஒரு சந்தையும் விட்டார்கள். அந்தச் சந்துகள் நமது பழைய ஊர்களில் இன்றும் இருக்கின்றன. இன்று வீடு பார்க்க வருகிற குடும்பத்தில், பெண்கள் முதலில் திறந்து பார்ப்பது கக்கூஸ் கதவையும் சமையலறைக் கதவையுந்தான். படுக்கை அறையை ஒட்டி, வெளிச்சமும் காற்றும் வர ஜன்னலோடு ஒரு கக்கூஸ் கட்டுவது சலவைக்கல்லைவிடப் பிரயோஜனமானது. செப்டிக் தொட்டியின் மூடி எங்கே இருக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அநேக வீடுகளில் அதன்மேல் தளம் போட்டு ஓட்டைப் பதித்து விடுகிறார்கள். பிறகு அடைத்துக்கொண்டால் ஒரு ஏழையைத் தேடிப்பிடித்து உள்ளே இறக்குகிறார்கள். அவன் விஷக் காற்றில் சாகிறான். அப்படி ஆளை இறக்குவது 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி ஜெயில் தண்டனைக்குரிய குற்றம். லாரிக் குழாய் எட்டுகிற இடத்தில் திறக்கக்கூடிய மூடி வைத்து, காற்றுக் குழாயை மாடிக்கு மேல் தூக்கிவிட்டால் செலவு சொற்பம். வாங்குகிறவனுக்கு நீங்களே அதைத் திறந்து காட்டலாம்.

மற்றவை சில்லறை. மரச்சட்டத்தில் ஓடுகிற பழைய ஒயரிங்கை எடுத்துவிட்டு, சரியான எர்த்தும், மின்சாரம் கசிந்தால் தானே அணைந்து விடுகிற சுவிட்சும் போடுவது. சமையலறைக்குப் புகை போகிற வழியும் இன்னொரு ஜன்னலும் வைப்பது. கதவு, பூட்டு, குழாய் ஒழுகாமல் பார்ப்பது. கடைசியில் வெளிர் நிறத்தில் ஒரு பூச்சு. வாசலில் கட்டியிருக்கிற பூசணிக்காயையும் பூதத்தின் மூஞ்சியையும் கழற்றிவிடுங்கள், அதற்குச் செலவேயில்லை.

கட்டடம் சரியாகிவிட்டது, பத்திரத்துக்கும் மராமத்து உண்டல்லவா? பிளான் அனுமதியில்லாமல் மாடியில் எழுப்பிய அறைக்குப் பாங்கில் கடன் கிடைப்பது கஷ்டம். கடன் கிடைக்காவிட்டால் பாதிப்பேர் வாங்க முடியாது. அதைவிடப் பெரிய ஓட்டை எது தெரியுமா? வீட்டில் பிறந்த பெண்ணின் கையெழுத்து. 1929இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோது, குடும்பம் கெட்டுவிடும் என்றார்கள். இந்துச் சட்டப்படி தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவன் சொந்த சம்பாத்தியத்தில் பெண்ணுக்கும் சமபங்கு என்பது 1956இல் வந்தது. பிதிரார்ஜிதத்திலும் உரிமை என்பது நம் மாகாணத்தில் 1989இலும், தேசம் முழுமைக்கும் 2005இலும் வந்தது. 2020இல் சுப்ரீம் கோர்ட்டு அதை இன்னும் உறுதிப்படுத்தியது. இன்றும் அண்ணன்மார் என்ன செய்கிறார்கள்? அதுதான் கலியாணத்தில் நகை போட்டாயிற்றே என்கிறார்கள். அல்லது ஒரு பட்டுப்புடவையைக் கொடுத்துக் கையெழுத்தை வாங்கப் பார்க்கிறார்கள். வாங்குகிறவனுடைய வக்கீல் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, தங்கை கையெழுத்து எங்கே என்று கேட்கிற இடத்தில் கிரயம் நின்று போகிறது. லட்சக்கணக்கில் தரை போட்டவன் தங்கை பாகத்தைத் தராமல் போனதால் வீடு விற்காமல் கிடக்கிறது. முதலில் அவளை அழைத்து உட்காரவைத்து, பாகத்தைப் பேசி எழுதிவிட்டு அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. “நம்மவர்களுக்குத்தான் கொடுப்போம்” என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். விலை என்பது எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஐம்பது பேர் கேட்கக்கூடிய வீட்டை, ஜாதி பார்த்து, மதம் பார்த்து, மாமிசம் தின்பவனா என்று பார்த்து ஐந்து பேராகக் குறைத்துவிட்டு, வாஸ்துவால் விலை போகவில்லை என்று அழுதால் யார் என்ன செய்ய முடியும்? அந்த ஐந்து பேருக்கும் இது தெரியும். காத்திருந்து அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். தெருவைக் கெடுத்துவிட்டான் என்று அண்டை வீட்டார் சொல்லுவார்களே என்றால், அந்தத் தெருவை விட்டுப் போகப் போகிறவருக்கு அதனால் என்ன நஷ்டம்?

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். “எங்கள் வீட்டில் அப்பா கட்டிய பூஜை அறை இருக்கிறது. விற்பதற்கு முன் அதை இடித்துவிடலாமா?” என்று கேட்கிறார். எதற்கு இடிக்க வேண்டும்? அதற்கு நாலு சுவரும் ஒரு கதவும் இருக்கிறது. வருகிறவன் அதில் புத்தகம் வைப்பான், நெல் மூட்டை வைப்பான், பக்தனாயிருந்தால் சாமி கும்பிடுவான். அது அவன் பாடு. ஆனால் வாசல் சுவரில் சாமி படம் போட்ட ஓட்டைப் பதித்திருந்தால் அதை எடுத்துவிட்டு வெறும் ஓட்டைப் பதியுங்கள். முஸ்லிமோ கிறிஸ்தவரோ வாங்க வந்தால், கையில் உளியோடு வரவேண்டிய அவசியம் இராது. பெரியார் படத்தைப் பதித்து வைத்திருந்தால் அதையும் உடையாமல் பெயர்த்து எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போங்கள்.