ஓராண்டு விழாவும் அதன் அளவுகோலும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விழா எடுப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. பந்தல் போடுகிறோம், கலை நிகழ்ச்சிகள் நடத்துகிறோம், முடிந்தபின் வரவு செலவுக் கணக்கை எழுதி மூடிவிடுகிறோம். வந்த கூட்டம் எவ்வளவு என்று சொல்லிப் பெருமை கொள்கிறோம். ஆனால் அந்த விழாவினால் யாருக்கு, என்ன, எவ்வளவு காலத்திற்கு விளைந்தது என்னும் கேள்வியை நாம் கேட்பது அரிது. அக்கேள்வியை முறையாகக் கேட்டு, ஐந்தாண்டுக் காலம் விடை தேடிய ஒரு நகரத்தின் அனுபவத்தை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அந்நகரம் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லிவர்பூல். 2008-ஆம் ஆண்டு முழுவதும் அது ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியது.

முதலில் இப்பட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். கிரேக்க நாட்டின் பண்பாட்டு அமைச்சராயிருந்த நடிகை மெலினா மெர்கூரியின் முயற்சியால் 1985-இல் ஏதென்ஸ் நகரில் இது தொடங்கிற்று. தொடக்கத்தில் ஏற்கனவே புகழ்பெற்ற நகரங்களே இதனைப் பெற்றன. 1990-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குக் கிடைத்தபோதுதான் நிலை மாறியது. கப்பல் கட்டும் தொழில் நலிந்து, வேலையின்மை பெருகிய ஒரு தொழில் நகரம் பண்பாட்டைக் கைப்பிடித்து எழ முயன்றது. அன்றுமுதல் நலிந்த நகரங்கள் பலவும் இப்பட்டத்தை விரும்பி நாடின.

லிவர்பூலும் அத்தகைய நகரமே. அதன் செல்வத்தின் அடித்தளம் தூயதன்று. பிரிட்டனின் கப்பல்கள் அட்லாண்டிக் கடலைக் கடத்திச் சென்ற ஆப்பிரிக்க அடிமைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரைச் சுமந்தவை லிவர்பூல் கப்பல்கள். பின்னர்ப் பருத்தியும் பயணிகளும் அத்துறைமுகத்தை வளர்த்தனர். 1930-களில் எட்டு இலட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை, துறைமுகமும் ஆலைகளும் நலிந்ததால் 2001-இல் நான்கரை இலட்சத்திற்கும் கீழே இறங்கிற்று. 1981 சூலையில், கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த டாக்ஸ்டெத் பகுதியில் காவல்துறைக்கு எதிராகப் பெருங்கலகம் மூண்டது. அதன்பின் நாட்டின் செய்தித்தாள்களில் லிவர்பூல் என்றாலே வறுமையும் வன்முறையும் என்றாயிற்று. அந்நகரம்தான் 2003 சூன் திங்களில் பர்மிங்காம், பிரிஸ்டல், கார்டிஃப், நியூகாசில்-கேட்ஸ்ஹெட், ஆக்ஸ்ஃபோர்டு ஆகியவற்றை முந்திப் பட்டத்தை வென்றது.

இனி நம் பொருளுக்கு வருவோம். 2005-இல், அதாவது விழாவிற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, நகரமன்றம் ஓர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. 'இம்பாக்ட்ஸ் 08' என்று அதற்குப் பெயர். லிவர்பூல் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்தின. பியாட்ரிஸ் கார்சியா தலைமை வகித்தார். ஆய்வு முடிவுகள் 2010-இல் வெளிவந்தன.

இதில் நாம் உணர வேண்டிய நெறிகள் இரண்டு உள. ஒன்று, அளவெடுப்பு விழாவிற்கு முன்பே தொடங்கியது. நோயாளிக்கு மருந்து கொடுக்குமுன் காய்ச்சல் எவ்வளவு என்று பாராத மருத்துவர், பின்னர்க் காய்ச்சல் தணிந்தது என்று எவ்வாறு கூற முடியும்? மற்றொன்று, விழா நடத்தியவர்களின் கையில் அளவுகோலைக் கொடுக்காமல் பல்கலைக்கழகங்களின் கையில் கொடுத்தனர். தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவன் தோற்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆய்வாளர்கள் ஐந்து கோணங்களில் நோக்கினர். பண்பாட்டு நிகழ்ச்சிகளில் மக்கள் பங்கேற்றனரா? பொருளாதாரமும் சுற்றுலாவும் வளர்ந்தனவா? கலைஞர்களும் கலை நிறுவனங்களும் வலுப்பெற்றனவா? நகரத்தைப் பற்றிய மதிப்பு மாறியதா? விழாவின் நிர்வாகம் எவ்வாறு நடந்தது? இவற்றுள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை தேடி நிறைவு கொள்வோரே உலகில் மிகுதி. பணம் எளிதில் எண்ணப்படுகிறது. மனம் எளிதில் எண்ணப்படுவதில்லை.

கிடைத்த எண்களைக் காண்போம். 2008-இல் அந்நகருக்கு வந்த வருகைகளில் 97 இலட்சம், அதாவது 35 விழுக்காடு, இப்பட்டத்தினால் கூடுதலாக வந்தவை என்று கணித்தனர். அவர்கள் செலவிட்ட தொகை 75 கோடியே 38 இலட்சம் பவுன். வெளிநாடுகளிலிருந்து இப்பட்டத்தினால் ஈர்க்கப்பட்டு வந்த வருகைகள் 26 இலட்சம். அவற்றுள் 97 விழுக்காடு அந்நகருக்கு முதன்முறை வந்தவை. ஆறாண்டு நிகழ்ச்சித் திட்டத்திற்குத் திரட்டப்பட்ட வருவாய் 13 கோடி பவுன். தொண்டர்கள் 971 பேர் 6,974 நாள் உழைப்பை நல்கினர். ஆளுக்கு ஏழு நாள் என்று கொள்ளலாம்.

இவ்வெண்கள் வியப்பளிப்பன. எனினும், இளைஞர்களே, எண்ணைக் கண்டு மயங்குவதும் அறியாமை. எண்ணை வெறுத்து ஒதுக்குவதும் அறியாமை. எண்ணை நிறுத்திக் கேள்வி கேட்பதே கல்வி. நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம்.

முதற்கேள்வி: விளைந்தது விழாவினால்தானா? அதே 2008-இல் சனவரியில் பெரிய அரங்கமும் மாநாட்டு மையமும் திறக்கப்பட்டன. மே திங்களில் 'லிவர்பூல் ஒன்' என்னும் மாபெரும் வணிக வளாகம் கதவு திறந்தது. வந்தவர் நாடகம் காண வந்தாரா, துணி வாங்க வந்தாரா? மறுபுறம், அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் உலகப் பொருளாதாரமே சரிந்தது. விழா இல்லாதிருந்தால் வருகை இன்னும் குறைந்திருக்கலாம். ஆகவேதான் தலைகளை எண்ணுவது போதாது. வந்தவரை நிறுத்தி, 'எதற்காக வந்தீர்? இப்பட்டம் இல்லாவிடினும் வந்திருப்பீரா?' என்று கேட்க வேண்டும். 'கூடுதல் வருகை' என்னும் சொல்லின் பொருள் இதுவே. வந்தவர் அனைவரையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் விழாக்குழு, மழை பெய்ததையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

இரண்டாவது கேள்வி: விளைந்தது யாருக்கு? செலவிடப்பட்ட தொகையை வருகைகளால் வகுத்தால், ஒரு வருகைக்கு ஏறத்தாழ 78 பவுன் வருகிறது. ஆனால் சராசரி என்பது மெலிந்தவனையும் பருத்தவனையும் ஒரே சட்டையில் நுழைக்கும் வித்தை. அப்பணம் விடுதி உரிமையாளரின் பெட்டிக்குச் சென்றதா, படுக்கை விரித்த பெண்ணின் கூலியில் சேர்ந்ததா என்பதை அவ்வெண் சொல்லாது. இக்குறையை உணர்ந்தே ஆய்வாளர்கள் ஐக்பர்த், கர்க்டேல், நாட்டி ஆஷ், நகர மையம் என, வாழ்க்கை வசதியில் வேறுபட்ட நான்கு பகுதிகளைத் தேர்ந்து, அங்கு வாழும் மக்களிடமே கேட்டறிந்தனர். நகரம் என்பது ஒரே ஆள் அன்று. அதற்குள் பல தெருக்கள் உள்ளன. மாளிகைத் தெருவில் கேட்ட விடையை ஊரின் விடையாக எழுதுவது கணக்குப் பிழை மட்டுமன்று, அறப்பிழையும் ஆகும். இதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஊர் என்று பேசப்பட்டபோதெல்லாம் சேரி அதற்குள் எண்ணப்பட்டதா என்று கேட்டுக் கேட்டே நாம் கல்விக்கு வந்தோம்.

2008-இன் இறுதியில் லிவர்பூல் மக்களில் 85 விழுக்காட்டினர், பட்டம் பெறுவதற்கு முன்பிருந்ததைவிட நகரம் வாழ்வதற்கு நல்ல இடமாகிவிட்டது என்றனர். தாழ்த்திப் பேசப்பட்ட ஒரு மக்கள் தம்மைத் தாமே மதிக்கத் தொடங்குவது சிறு பயன் அன்று. அதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் மற்றோர் எண்ணையும் இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் பகுதிகளை வறுமை, வேலையின்மை, உடல்நலம், கல்வி, வீட்டு வசதி முதலியவற்றால் தரவரிசைப்படுத்தும் அரசுக் கணக்கெடுப்பில், 2004, 2007, 2010 ஆகிய மூன்று முறையும் மிகவும் பின்தங்கிய பகுதியாக நின்றது லிவர்பூலே. ஓராண்டு விழா ஒரு நூற்றாண்டு வறுமையைத் துடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் விழா வந்தால் வறுமை போகும் என்று வாக்களிப்பவரைக் கண்டால் இவ்வெண்ணை நினைவூட்டுவது நம் கடமை.

மூன்றாவது கேள்வி: எத்தனை காலத்திற்கு? விளக்குகள் அணைந்த மறுநாள் எடுக்கும் அளவு, மணவீட்டுப் புகைப்படம் போன்றது. இல்லறம் எவ்வாறு நடந்தது என்பதை அது காட்டாது. லிவர்பூலில் பத்தாண்டு கழித்து 2018-இலும் மீண்டும் ஆராய்ந்தனர். ஐரோப்பிய ஒன்றியமும் 2014-இல் இயற்றிய விதியில், பட்டம் பெறும் ஒவ்வொரு நகரமும் தன் விளைவுகளைத் தானே மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

பிரிட்டன் பின்னர்த் தனக்கென ஒரு பண்பாட்டு நகரப் பட்டத்தை ஏற்படுத்தியது. 2017-இல் அதைப் பெற்ற ஹல் நகரில், உள்ளூர் மக்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் ஒரு நிகழ்ச்சியிலேனும் கலந்துகொண்டதாக ஆய்வு கூறிற்று. வெளியாரை மட்டும் எண்ணாமல் உள்ளூராரை எண்ணியது அதன் சிறப்பு. 2021-இல் கோவென்ட்ரி அப்பட்டத்தைப் பெற்றது. ஆனால் விழாவை நடத்திய அறக்கட்டளை 2023 பிப்ரவரியில் நிதி நெருக்கடியால் நிலைகுலைந்தது. ஊழியர்கள் வேலை இழந்தனர். கூட்டம் கூடிய விழா, நிறுவனத்தை நிலைநிறுத்தும் என்பதற்கு உறுதி இல்லை.

அளவுகோலுக்குள் அடங்காத பயனும் உண்டு என்பதைச் சொல்லாவிடில் நம் உரை குறையுடையதாகும். விழாவிற்கு முந்தைய ஆண்டில், 2007 ஆகஸ்டு 23 அன்று, லிவர்பூலில் பன்னாட்டு அடிமைமுறை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1791-இல் செயின்ட் தோமிங்கு தீவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததை நினைவுகூரும் நாள் அது. அடிமை வாணிகத்தில் தனக்கிருந்த பங்கிற்காக நகரமன்றம் 1999-லேயே மன்னிப்புக் கேட்டிருந்தது. தன் மாளிகைகளைக் காட்டிப் பெருமை பேசும் நகரம், அம்மாளிகைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் காட்டத் துணிந்தது. அடிமைகளின் வழித்தோன்றல் ஒருவர் அக்கூடத்தில் நின்று தன் முன்னோரின் கதையை அரசுக் கட்டடத்தில் எழுதப்பட்டதாகப் படிக்கும் கணத்திற்குப் பவுன் கணக்கில் விலை இல்லை. ஆயினும், அளக்க முடியாதது இருக்கிறது என்பதைச் சாக்காகக் கொண்டு, அளக்கக்கூடியதையும் அளக்காமல் விடுவது சோம்பலேயாகும்.

இளைஞர்களே! நாளை நீங்கள் விழாக்கள் எடுப்பீர்கள். அரசும் பிறரும் எடுக்கும் விழாக்களுக்கு அழைக்கவும் படுவீர்கள். அப்போது சில கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். தொடங்குமுன் நிலை என்னவென்று குறித்தார்களா? அளந்தவர் யார்? எவரெவரைக் கேட்டார்கள், எவரைக் கேளாது விட்டார்கள்? விழா இல்லாமலே வந்திருக்கக்கூடியதைக் கழித்தார்களா? சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்து பார்த்தார்களா?

இக்கேள்விகளை நம் சங்கத்திடமும் தயங்காது கேளுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை கூட்டம் கூட்டினோம் என்பதைவிட, எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காமல் காத்தோம், அவர்களுள் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் இன்று எந்நிலையில் உள்ளனர் என்று கேளுங்கள். விடை எழுதக் குறிப்பேடு இல்லையெனில், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கான குறிப்பேட்டை இன்றே திறந்து முதல் வரியை நீங்களே எழுதுங்கள். பொன்விழாவில் பேச வருவோர் அதைப் படித்துப் பேசட்டும்.