அறிமுகமும் தகுதியும்



எங்கள் கோச்சடையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பட்டம் பெற்று வரும் இளைஞர் பலர் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். “எங்களுக்குப் பெரிய மனிதர் யாரைத் தெரியும், ஐயா? அறிமுகம் இல்லாதவன் முன்னேற முடியுமா?” என்பதே அது. நியாயமான கேள்விதான். இதற்குக் கணித மேதை இராமானுஜனின் வரலாறு நல்ல விடை தருகிறது.

இராமானுஜனின் தந்தையார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடைக் கணக்கர். எஃப்.ஏ. தேர்விலும் இராமானுஜன் தேறவில்லை. பட்டமும் இல்லை, செல்வாக்குள்ள உறவினரும் இல்லை. அவர் கையில் இருந்தவை கணக்குகள் நிறைந்த குறிப்பேடுகளே. 1910ஆம் ஆண்டளவில் அவற்றுடன் திருக்கோவிலூர் சென்று, துணைக் கலெக்டராயிருந்த வி. இராமசாமி ஐயரைக் கண்டார். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவரே. வேலை கேட்டு வந்த இளைஞரின் குறிப்பேடுகளைப் பார்த்த ஐயர், இத்தகைய அறிவைச் சிறு குமாஸ்தா வேலையில் முடக்க மனமின்றிச் சென்னையிலிருந்த அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். முன்னாள் ஆசிரியர் சேஷு ஐயர் வாயிலாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் தொடர்பு கிட்டியது. ராவ் முதலில் ஐயுற்றார். பின்னர்த் தெளிந்து பொருளுதவி செய்தார்.

ஒருவர் மற்றொருவரிடம் அனுப்பினர் என்பது உண்மையே. ஆனால் ஒவ்வொரு வாயிலிலும் பேசியது குறிப்பேடன்றோ? அறிமுகம் கதவைத் திறக்கும். உள்ளே அமர இடம் தருவது தகுதியே.

இராமானுஜன் தம் அறிவைப் பெட்டியில் பூட்டி வைக்கவுமில்லை. கணிதக் கழகத்தின் இதழில் 1911இல் வினாக்களை வெளியிட்டார், கட்டுரையும் எழுதினார். அதனால் முன்பின் அறியாதவரும் அவர் பெயரை அறிந்தனர். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவானார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இருவருக்கு எழுதிப் பயனில்லாது போயினும் தளராமல், 1913 ஜனவரி 16ஆம் நாள் ஹார்டிக்கு எழுதினார். தம் நிலையை ஒளிக்காது, துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா என்றே தொடங்கித் தம் தேற்றங்களையும் உடன் வைத்தார். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இன்று அந்தக் குறிப்பேட்டின் இடத்தையும் இதழின் இடத்தையும் இணையம் பெற்றிருக்கிறது. லிங்க்ட்இன் போன்ற தளங்களில் உங்கள் பெயரைப் பதிந்துவிட்டால் மட்டும் போதாது. நீங்கள் எழுதிய நிரல், செய்த ஆய்வு, வரைந்த படம் ஆகியவற்றைப் பிறர் காணும்படி வையுங்கள். செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். உங்கள் துறையில் மூத்தவருக்கு எழுதும்போது “வேலை வாங்கிக் கொடுங்கள்” என்று தொடங்காதீர்கள். நீங்கள் யார், என்ன செய்திருக்கிறீர்கள், எதில் அவருடைய கருத்து வேண்டும் என்று சுருக்கமாக எழுதுங்கள். விடை வராவிடில் வருந்த வேண்டாம். இராமானுஜனுக்கும் முதற் கடிதங்கள் பயன்தரவில்லை.

இன்னொன்றும் உண்டு. இராமசாமி ஐயரும் சேஷு ஐயரும் தமக்கென எதுவும் வேண்டாது உதவினர். நாளை உங்கள் வாயிலிலும் ஓர் இளைஞன் குறிப்பேட்டோடு வந்து நிற்பான். அதைத் திறந்து பார்க்கும் பொறுமை உங்களுக்கு இருக்குமாயின், “எங்களுக்கு யாரைத் தெரியும்?” என்ற கேள்வி நம் ஊர்களில் மெல்ல மெல்லக் குறைந்து போகும்.