எழுத்துக்கூட்டும் வழக்கும்



பல ஆண்டுகளுக்கு முன்னர், சிற்றூர்ப் பள்ளி ஒன்றிலே நான் ஆங்கிலம் கற்பித்து வந்தேன். ஒருநாள், மாணவர் ஒருவரது கட்டுரையில், நிறத்தைக் குறிக்கும் 'கலர்' என்னும் ஆங்கிலச் சொல் 'யு' என்ற எழுத்தின்றி இருக்கக் கண்டேன். சிவப்பு மையால் சுழித்து அரை மதிப்பெண்ணைக் குறைத்தேன். மறுநாள் அம்மாணவர் நூல்நிலையத்திலிருந்து அமெரிக்க அகராதி ஒன்றைக் கொணர்ந்து, பணிவோடு என்முன் விரித்து வைத்தார். அவர் எழுதியபடியே அச்சொல் அங்கே இருந்தது. வகுப்பு முழுவதும் அறிய அந்த அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். ஆயினும், 'பிழை என்பதுதான் யாது?' என்னும் வினா என்னை விட்டு அகலவில்லை.

அந்த 'யு' இல்லாத வடிவத்தை அமெரிக்காவில் நிலைநாட்டியவர் நோவா வெப்ஸ்டர். அவரது பேரகராதி 1828-இல் வெளிவந்தது. நாவைக் குறிக்கும் 'டங்' என்ற சொல்லையும், ஆறு எழுத்துக்களுக்கு மாறாக நான்கே எழுத்துக்களில் எழுதலாம் என்றார் அவர். முன்னதை மக்கள் ஏற்றனர், பின்னதை ஏற்கவில்லை. அறிஞர் ஒருவரே, முடிவுகளோ இரண்டு!

அதிகாரத்தால் இயலுமா எனில், அதுவும் அரிதே. 1906-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை எளிய வடிவில் அச்சிடுமாறு அரசாங்க அச்சகத்திற்கு ஆணையிட்டார். 'த்ரூ' என்னும் ஏழெழுத்துச் சொல்லின் நான்கெழுத்து வடிவமும் அவற்றுள் ஒன்று. நாளேடுகள் நகைத்தன, மக்கள் பிரதிநிதிகள் சபை எதிர்த்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1934-இல் எளிய எழுத்துக்கூட்டை மேற்கொண்ட 'சிக்காகோ டிரிப்யூன்' நாளேடும், இச்சுருக்க வடிவத்தை 1975-இல் கைவிட்டது. ஆயினும் அது மாய்ந்துவிடவில்லை. அமெரிக்க உணவகங்களின் அறிவிப்புப் பலகைகளில் இன்றும் வாழ்கின்றது. கட்டுரை ஏடுகளில் மட்டும் அதற்கு இடமில்லை.

இதற்கு நேர்மாறானது 'ஓகே'. 1839-இல் பாஸ்டன் நகரத்து நாளேடொன்று, 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே பிழைபட எழுதி, அதன் முதலெழுத்துக்களை வேடிக்கையாக வெளியிட்டது. எவரும் ஆணையிடவில்லை; இன்று உலகமே அதனை வழங்குகின்றது!

நாம் போற்றும் செம்மை வடிவங்களும் இத்தகையனவே. கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லில் ஒலிக்காத 'பி' ஒன்று உண்டு. பழைய ஆங்கிலேயர் அதனை எழுதியதில்லை. இலத்தீன் மூலத்தை நினைவூட்டப் பிற்காலக் கல்வியாளர் புகுத்தியது அது. அன்றைய புதுமை இன்றைய இலக்கணமாயிற்று.

ஆதலின், மாணவர்களே, அகராதி ஆணையிடும் அரசனன்று. வழக்கைப் பதிந்து வைக்கும் கணக்கன். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் சுருக்க வடிவம் குற்றமாகாது. தேர்வுத்தாளிலோ, ஆங்கில நாட்டு முறையையோ அமெரிக்க முறையையோ தேர்ந்து, இறுதிவரை அதனையே பற்றி நில்லுங்கள். ஆசிரியர் திருத்தியது ஐயத்திற்குரியதாயின், அம்மாணவரைப்போல் அகராதியோடு செல்லுங்கள். அன்று நான் இழந்தது அரை மதிப்பெண். கற்றது அதனினும் பெரிது.