கடலில்லாத கரையில் பூநாரைகள்

பூநாரை என்றதும் நம்மவர்களுக்குக் கோடியக்கரைதான் நினைவுக்கு வரும். புனேக்காரர்களுக்கோ பிக்வண். நகரிலிருந்து சோலாப்பூர் சாலையில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போனவர்கள் பலர் இந்த ஊரைத் தூக்கத்தில் கடந்திருப்பீர்கள்.

கடலுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. சுற்றிலும் கரும்பு, நடுவே கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். பீமா ஆற்றில் 1980-இல் கட்டி முடித்த உஜனி அணை தேக்கிய நீர் அது. பல ஊர்கள் அதில் மூழ்கின. பளஸ்தேவ் என்ற ஊரின் பழைய சிவன் கோயில், கோடையில் நீர் நன்றாக வற்றும்போது மட்டும் வெளியே தெரியும். அதைச் சொல்லாமல் இந்த இடத்தின் அழகை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

விடியும் நேரத்தில் கும்பார்காவ் துறைக்குப் போய்விடுங்கள். படகோட்டுபவர்கள் மீனவர்கள். நமக்குப் புள்ளியாகத் தெரிவதை அவர்கள் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். சற்று தூரம் போனதும் முழங்கால் ஆழச் சேற்றுநீரில் பூநாரைக் கூட்டம். ஒன்றை மட்டும் பாருங்கள்: தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாதி கீழே வரும்படி நீருக்குள் விடுகிறது. நாக்கு விடாமல் இயங்கி நீரை இழுத்துத் தள்ள, அலகோரத்துச் சல்லடையில் நுண்ணுயிர்கள் தங்கிவிடுகின்றன. அந்த இரைதான் அதன் இளஞ்சிவப்புக்கும் காரணம். குஞ்சுகள் சாம்பல் நிறம்தான். நிற்கும்போது வெளிறித் தெரிகிற பறவை, பறக்கச் சிறகை விரித்ததும் செக்கச்சிவப்பும் கருப்புமாக மாறுவதைப் பார்க்க இரண்டு கண் போதாது!

அதற்காக அவற்றைக் கலைத்துப் பறக்கவைக்கச் சொல்லிப் படகுக்காரரை வற்புறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அவை மேய்ச்சலை இழக்கின்றன. காத்திருந்தால் தாமாகவே பறக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். பாசனத்துக்கு நீர் போகப்போக அணை இறங்கும், சேற்றுத்திட்டுகள் எழும், பூநாரைகளுக்குப் பந்தி விரியும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளையும் இங்கே பார்க்கலாம். நம் கூந்தன்குளத்துக்கு வருபவையும் இவைதான். சங்குவளை நாரை, ஆற்று ஆலா, மீனைக் காலில் பற்றிப் பறக்கும் விராலடிப்பான் என்று வரிசை நீளும்.

வெயில் ஏறியதும் கரைக்குத் திரும்புங்கள். மீனவர் வீடுகளில் சோள ரொட்டியான பாக்ரியும் காரமான மீன்குழம்பும் கிடைக்கும். நாம் ஜிலேபி என்கிற மீனை அங்கே சிலாபி என்கிறார்கள். அதையே கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.