தர்மகர்த்தாவின் கையெழுத்து

பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

ஓசூரை அடுத்த சானமாவுக் காட்டோரத்தில் ராகி விதைத்தவர், கதிர் முற்றும் காலத்தில் யானைக்கூட்டம் இறங்குமென்று அஞ்சிப் பரண்மீது இரவெல்லாம் கண்விழித்திருப்பதும், அதே இரவில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட்காரர் இயந்திரத்தின் முன்னே கண்விழித்திருப்பதும் நம் வட்டாரத்துக்கே உரிய காட்சிகள். பரணில் இருப்பவர் தம் கதிரைக் காக்கிறார். ஆலையில் இருப்பவரோ, தாம் ஒருநாளும் காணப்போகாத யாரோ ஒருவருடைய உயிருக்கும் பணத்துக்கும் காவலிருக்கிறார். வியாபாரத்தில் தலைமை என்று நான் கருதுவது இந்த இரண்டாவது விழிப்பைத்தான்.

அந்த விழிப்பை எண்ணும்போது ராஜாஜி நினைவுக்கு வருகிறார். அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1952-இல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்து, லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ஆகியவற்றின் ஆட்சியை இடைவிடாது எதிர்த்தவர். முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று அவரை ஏசியவர்கள் உண்டு. ஆயினும் அக்கட்சி தன் கொள்கைகளுள் செல்வம் உடையவர் அதைச் சமூகத்தின் பொருட்டுக் காக்கும் தர்மகர்த்தாவாக இருக்கவேண்டும் என்ற காந்தியடிகளின் தர்மகர்த்தா முறையையும் ஒன்றாக வைத்திருந்தது என்பதை, ஏசியவர்களும் மறந்தார்கள், பின்னாளில் அவரைப் புகழ்ந்தவர்களும் சௌகரியமாக மறந்தார்கள். சர்க்காரின் கண் விலகும் இடத்தில் வியாபாரியின் மனச்சாட்சி வந்து அமரவேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் தாத்பரியம். 1991-இல் லைசென்ஸ் முறை பெரும்பாலும் ஒழிந்தது. ஏற்பாட்டில் பாதி நிறைவேறியது.

மற்றப் பாதி நிறைவேறாதபோது நேர்வதை, 2009 ஜனவரி 7-ஆம் தேதி ஐதராபாத்தில் சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தம் கடிதத்தால் உலகுக்கு அறிவித்தார். கணக்கில் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டப்பட்டதில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம். கடிதம் குறிப்பிட்ட காலாண்டில் வருவாயில் 24 சதவீதம் என்று சொல்லப்பட்ட லாபம் உண்மையில் 3 சதவீதம். நிர்வாக நேர்மைக்கென ஒரு விருதை அந்நிறுவனம் பெற்று நான்கு மாதங்கூட ஆகவில்லை. கணக்குக்கும் உண்மைக்கும் இடையே முதலில் சிறிய இடைவெளியாக இருந்தது ஆண்டுதோறும் வளர்ந்ததாம். புலிமீது சவாரி செய்பவன் நிலைக்குத் தம்மை அவர் ஒப்பிட்டார். காட்டோரத்தில் வாழும் நமக்கு அந்த உவமை ரசிக்கவில்லை. எந்தப் புலியும் யாரையும் தன்மீது ஏறும்படி அழைத்ததில்லை. 2015 ஏப்ரலில் விசேஷ நீதிமன்றம் அவரோடு சேர்த்துப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. என் மனம் நிலைப்பது அந்த எண்ணிக்கையில்தான். ஆயிரக்கணக்கான போலி இன்வாய்ஸ்களையும் வங்கி ரசீதுகளையும் ஒரு தலைவர் தம் கையாலேயே தயாரித்திருக்க முடியாது. உங்களைப்போல் பட்டம் பெற்றவர்கள், ஏ.சி. அறையில் அமர்ந்து, சிரத்தையாகத் தயாரித்திருக்கிறார்கள்.

அவர்களை நிந்திக்க எனக்கு யோக்கியதை குறைவு. இளவயதில் நான் சூப்பர்வைசராக இருந்த ஒரு தொழிற்சாலையில், மாதக் கடைசி மாலையொன்றில், லாரி வாசலில் நிற்க, முதிய இன்ஸ்பெக்டர் ஒருவர் பீஸ் ஒன்றை என் மேஜைமேல் வைத்து, துளையளக்கும் கேஜின் நுழையக்கூடாத முனை துவாரத்துக்குள் தடையின்றி இறங்குவதைக் காட்டினார். மேனேஜரோ, "மாசக் கடைசி தம்பி, கையெழுத்தைப் போட்டு அனுப்பு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். நான் பேனாவை எடுத்தேன். பெரியவர் தடுக்கவில்லை, "கையெழுத்து உங்களுதுதானே சார்" என்று மட்டும் கேட்டுவிட்டு, கேஜை எண்ணெய்த் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

லாரி போயிற்று. நானறிந்தவரை ஒரு விபரீதமும் நேரவில்லை; புகார்கூட வரவில்லை. அதுதான் எனக்கு நேர்ந்த விபரீதம், ஏனெனில் அடுத்த மாதக் கடைசியில் மேனேஜர் சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை. மூன்றாம் மாதக் கடைசியன்று பெரியவர் லீவு போட்டார்; பிறகு மாதக் கடைசிகளில் லீவு போடுவது அவருக்கு வழக்கமாயிற்று. ஒரு நேர்மையான மனிதரை வீட்டில் உட்காரவைத்ததே என் தலைமையின் முதல் சாதனை. அது உறைத்து, வளையாத கையெழுத்துக்கு நான் பழகுவதற்குள், அவர் ஓய்வுபெற்றுத் தம் ஊருக்குப் போய்விட்டார். அவரிடம் சொல்லவேண்டிய வார்த்தையை இன்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் போலும்.

அங்கி அணிந்து இந்த வெயிலில் நெடுநேரமாகக் காத்திருக்கிறீர்கள், பெயர்களை அழைக்கட்டும்.